சபை பயன்படுத்தும் மென்பொருளுக்குச் சபை கைகொடுக்க வேண்டுமா?

ஆராதனை நடக்கும் கூடத்தின் பின்பக்கத்தில் ஒரு மேசையும் கணினியும் இருப்பது இன்று பல சபைகளில் வழக்கமாகிவிட்டது. திரையில் பாடல் வரிகளைக் காட்டுவது ஓப்பன்எல்பி என்ற மென்பொருளாக இருக்கலாம். ஆராதனையை நேரலையாக அனுப்ப ஓபிஎஸ் ஸ்டூடியோ. பிரசங்க ஒலிப்பதிவில் இரைச்சலை நீக்க ஆடாசிட்டி, காணொளியை ஓட்ட விஎல்சி, கமிட்டிக் கூட்டக் குறிப்பைத் தட்டச்சிட லிப்ரேஆபீஸ், சபையின் இணையதளத்துக்கு வேர்ட்பிரஸ். எல்லாச் சபைகளிலும் இவை அனைத்தும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கணினி வைத்திருக்கும் சபை ஒன்றில் இவற்றில் ஒன்றிரண்டாவது இருக்கும்.

இவை யாவும் திறமூல மென்பொருள்கள். தரவிறக்கம் செய்யக் கட்டணம் இல்லை, ஆண்டுச் சந்தா கேட்டு யாரும் எழுதுவதில்லை. அதனாலேயே இவற்றை யார் எழுதுகிறார்கள், அவர்கள் செலவுக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுவதும் இல்லை. இத்தகைய திட்டங்களுக்குச் சபை உதவ வேண்டுமா என்ற கேள்வி கமிட்டியில் எழுந்தால், சபைக்கும் மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்ற மறுகேள்விதான் முதலில் வரும். கணினி பற்றி அதிகம் தெரியாதவர்களும் இந்த விவாதத்தில் பங்கெடுக்க வேண்டும் என்பதற்காக அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

திறமூலம் என்றால் என்ன?

ஒரு பாடலின் ஒலிப்பதிவு உங்களிடம் இருந்தால் கேட்டு மகிழலாம், அவ்வளவுதான். அதே பாடலின் இசைக்குறிப்பு கையில் இருந்தால் சபையாரின் குரலுக்கு ஏற்றபடி சுருதியைக் குறைக்கலாம், வயலினுக்கு ஒரு பகுதி எழுதலாம், பக்கத்துச் சபைக்கும் படியெடுத்துக் கொடுக்கலாம். மென்பொருளுக்கும் இப்படி ஒரு குறிப்பு உண்டு. நிரலாளர் எழுதும் அந்த வரிகளை மூல நிரல் என்பார்கள். பெரும்பாலான வணிக மென்பொருள்கள் மூல நிரலைப் பூட்டிவைத்துவிட்டு, இயங்கும் வடிவத்தை மட்டும் தருகின்றன. திறமூல மென்பொருள் நிரலையும் சேர்த்தே கொடுக்கிறது. அதைப் படிக்கவும், மாற்றவும், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கவும் எழுத்துபூர்வமாக அனுமதி தருகிறது. அந்த அனுமதிதான் உரிமம்.

இந்த எண்ணத்துக்கு முறையான வடிவம் கொடுத்தவர் அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983-இல் அவர் குனு திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை இயக்கவும், ஆராயவும், பகிரவும், மேம்படுத்தவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. அவர் அதைக் கட்டற்ற மென்பொருள் என்றார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ், கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான லினக்ஸைத் தொடங்கினார். 1998-இல் வேறு சிலர், தொழில் உலகமும் ஏற்றுக்கொள்ளும் விதத்தில், திறமூலம் என்ற பெயரைக் கொண்டுவந்தார்கள். இரு தரப்புக்கும் இடையே கொள்கை வேறுபாடு உண்டு. ஆனால் சபையின் மேசையில் இருக்கும் மென்பொருளைப் பொறுத்தவரை இரண்டும் பெரும்பாலும் ஒன்றையே குறிக்கின்றன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திறமூலம் ஆகிவிடாது. பாடல் வரிகளைத் திரையிடும் சில மென்பொருள்கள் காசில்லாமல் கிடைக்கின்றன, ஆனால் அவற்றின் நிரல் பூட்டியே இருக்கிறது. உரிமையாளர் நாளை கட்டணம் விதித்தாலும், கடையை மூடிவிட்டாலும் சபை செய்வதற்கு ஒன்றும் இல்லை. பல ஆண்டுகளாகத் தட்டச்சிட்டுச் சேர்த்த பாடல்கள் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஓப்பன்எல்பி போன்ற திட்டங்கள் பாடல்களை ஓப்பன்லிரிக்ஸ் என்ற பொதுவான வடிவத்தில் வெளியே எடுக்க விடுகின்றன. மென்பொருளையே மாற்றினாலும் பாடல்கள் நம்முடன் வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் இதில் தவறுகிறார்கள். மென்பொருள் திறந்திருப்பதால் அதற்குள் நாம் ஏற்றும் பாடலும் வேதாகம மொழிபெயர்ப்பும் திறந்தவை ஆகிவிடுவதில்லை. அவற்றின் பதிப்புரிமை தனி. பாடலாசிரியரிடமோ வெளியீட்டாளரிடமோ அனுமதி பெறும் கடமை அப்படியே இருக்கிறது.

இலவசமாகக் கிடைப்பதற்கும் செலவு உண்டு

2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பாதுகாப்புக் குறை வெளியே தெரியவந்தது. இணையதளங்களுக்கும் நமக்கும் இடையே செல்லும் தகவலை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல மென்பொருளில் இரண்டு ஆண்டுகளாக இருந்த பிழை அது. அதன் வழியே சர்வரின், அதாவது இணையதளத்தை வைத்து இயக்கும் கணினியின், நினைவகத்திலிருந்து கடவுச்சொற்கள் உள்பட எதையும் கசியவைக்க முடிந்தது. உலகின் இணையதளங்களில் மிகப் பெரும் பகுதி அந்த மென்பொருளை நம்பியிருந்தது. அதற்கு நன்கொடையாக வந்துகொண்டிருந்த தொகையோ ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒருவர் மட்டுமே. பெரிய நிறுவனங்கள் அதைப் பயன்படுத்திக் கோடிக்கணக்கில் வணிகம் செய்தன, பராமரிப்புச் செலவை மட்டும் யாரும் ஏற்கவில்லை. செய்தி வெடித்த பிறகுதான் லினக்ஸ் ஃபவுண்டேஷன் முன்வந்து பல நிறுவனங்களைச் சேர்த்து நிதி திரட்டியது.

2024 மார்ச்சில் நடந்தது எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது. எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறிய மென்பொருள், லினக்ஸ் கணினிகளில் கிட்டத்தட்ட எங்கும் இருக்கும். அதைப் பல ஆண்டுகளாக ஒருவர் சம்பளம் இல்லாமல் பராமரித்து வந்தார். தன் மனநலம் சரியில்லை என்றும், இது ஊதியமற்ற வேலை என்றும் அவர் வெளிப்படையாகவே எழுதியிருந்தார். புதிய பதிப்பு ஏன் தாமதமாகிறது என்று சிலர் தொடர்ந்து நச்சரித்தார்கள். அந்தச் சோர்வான நேரத்தில் உதவ வந்தவர்போல ஒருவர் நுழைந்து, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாக உழைத்து, நம்பிக்கை பெற்று, மென்பொருளுக்குள் இரகசியக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கவனித்துத் துருவியதால்தான் அது அகப்பட்டது.

தனியாக நின்று சுமக்கும் ஒருவர் சோர்ந்துபோகிறார், அவரிடம் வேலையை எதிர்பார்ப்பவர்கள் பலர், நலம் விசாரிப்பவர் இல்லை. இந்த நிலைமை சபைக்குப் புதிதாக இருக்க முடியாது. சோர்ந்தவரைத் தேடிப் போவது சபை காலங்காலமாகச் செய்துவரும் பணி. கணினித் திரைக்கு அப்பால் இருப்பவரும் அந்தக் கணக்கில் வருவார் என்றே நான் நம்புகிறேன்.

வேதம் இரண்டு பக்கமும் பேசுகிறது

திறமூலத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் பேசும்போது உடனே எடுத்துக்காட்டும் வசனம் மத்தேயு 10:8. “இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்.” அது சீடர்களை ஊழியத்துக்கு அனுப்பும்போது சொன்னது. நிரலை மனதில் வைத்துச் சொன்னதென்று வலிந்து பொருள் கொள்ளக் கூடாது. ஆனாலும் பெற்றதைப் பூட்டிவைக்காமல் பகிர்வது என்ற போக்கு அதனோடு இணங்கியே இருக்கிறது.

அதே வேதம் 1 தீமோத்தேயு 5:18-இல் “வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான்” என்கிறது. இதை மேற்கோள் காட்டுவது அபூர்வம். முதல் வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், மென்பொருள் இலவசமாகத்தான் கிடைக்க வேண்டும், நாம் வாங்கிக்கொண்டே இருக்கலாம் என்ற சோம்பலில் முடியும். அந்த வசனம் கொடுப்பவரைப் பார்த்துச் சொல்லப்பட்டது. பெற்றுக்கொள்ளும் இடத்தில் இருக்கும் சபைக்குப் பொருந்துவது இரண்டாவது. ஆகவே, பயன்படுத்தும் திறமூல மென்பொருளுக்குச் சபை துணை நிற்க வேண்டும் என்பது என் பதில். அது தர்மக் கணக்கில் வராது, கூலிக் கணக்கில் வரும்.

திருட்டுப் பிரதிகளைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் பூட்டை உடைத்த பிரதியை ஆராதனைக்குப் பயன்படுத்துவதை, ஊழியத்துக்குத்தானே என்று சமாதானம் சொல்லிக் கடந்துவிடுகிறோம். “களவு செய்யாதிருப்பாயாக” என்ற கட்டளைக்கு அப்படி ஒரு விலக்கு இல்லை. பணம் இல்லாத சபைக்கு நேர்மையான மாற்று வழியைத் திறமூலம் தருகிறது. இந்த ஒரு காரணமே போதும், சிறிய சபைகள் இதைத் தெரிந்துகொள்வதற்கு.

ஏற்கெனவே செய்து காட்டியவர்கள்

கிறிஸ்தவ நிறுவனம் ஒன்று திறமூலத்துக்குச் செய்த பணி எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, முன்பு எஸ்ஐஎல் இன்டர்நேஷனல் என்று அழைக்கப்பட்ட எஸ்ஐஎல் குளோபல். 1934-இல் தொடங்கிய இந்த அமைப்பு, சிறிய மொழிகளை ஆராய்வது, எழுத்துருவாக்கம், எழுத்தறிவு, வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணை நிற்பது ஆகியவற்றைச் செய்துவருகிறது. பல மொழிகளுக்குக் கணினியில் எழுத்துருக்களே இல்லாததால் அவர்களே உருவாக்க வேண்டியிருந்தது. உருவாக்கிய எழுத்துருக்களை எந்த நிபந்தனையில் பகிர்வது என்ற கேள்விக்கு விடையாக அவர்கள் ஓர் உரிமத்தை எழுதினார்கள். எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸ் எனப்படும் அதன் 1.1 பதிப்பு 2007-இல் வந்தது. எழுத்துருவை யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம், ஆவணங்களில் பதிக்கலாம், எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது என்பது அதன் சாரம்.

இன்று கூகுள் ஃபான்ட்ஸ் என்ற இணைய எழுத்துருத் தொகுப்பில் இருக்கும் எழுத்துருக்களில் பெரும்பாலானவை அந்த உரிமத்தில்தான் வெளியாகின்றன. பல கைப்பேசிகளில் தமிழைக் காட்டும் நோட்டோ தமிழ் எழுத்துருக்களும் அதே உரிமத்தில்தான் உள்ளன. விசுவாசம் உள்ளவர், இல்லாதவர், வேறு மார்க்கத்தவர் என எல்லோரும் அவற்றில் படிக்கிறார்கள். மொழிபெயர்ப்புப் பணிக்காகச் செய்த ஒரு சட்ட ஏற்பாடு பொதுச் சொத்தாக மாறியிருக்கிறது.

கீமேன் என்ற விசைப்பலகை மென்பொருளும் இவர்களிடம் இருக்கிறது. 1993-இல் லாவோ மொழிக்காகப் பிறந்து, பிறகு எஸ்ஐஎல் கைக்கு வந்து, 2017-இல் அதன் மூல நிரல் திறக்கப்பட்டது. இன்று 2,000-க்கும் மேற்பட்ட மொழிகளைத் தட்டச்சிட அது உதவுகிறது. தமிழும் அதில் உண்டு.

வேதாகம வாசிப்புக்கு கிராஸ்வயர் பைபிள் சொசைட்டியின் ஸ்வோர்ட் திட்டம் இருக்கிறது. ஸிஃபோஸ், பைபிள்டைம், ஆண்ட்ராய்டில் ஆண்ட்பைபிள் ஆகிய வேதாகம வாசிப்பு மென்பொருள்கள் எல்லாம் அந்தத் திட்டத்தின் அடித்தளத்தில் எழுந்தவை. தனிமனிதர்களிலும் சிலரைச் சொல்லலாம். பெர்ல் நிரல்மொழியை 1987-இல் வெளியிட்ட லாரி வால், எழுத்து வடிவம் இல்லாத மொழி ஒன்றுக்கு எழுத்தும் வேதாகமமும் கொடுக்கும் நோக்கத்துடன் மனைவியுடன் மொழியியல் படித்தவர். உடல்நலக் காரணத்தால் அந்தத் திட்டம் நடக்கவில்லை. கணித நூல்களை அச்சுக் கோக்க இன்றும் ஆதாரமாக இருக்கும் டெக் மென்பொருளை உருவாக்கி எல்லோருக்கும் கொடுத்த டொனால்ட் கனூத், லூத்தரன் சபையைச் சேர்ந்தவர்.

கமிட்டியில் வரக்கூடிய தடைகள்

காணிக்கை சுவிசேஷத்துக்கும் ஏழைகளுக்கும் கொடுக்கப்பட்டது, அதை மென்பொருளுக்குச் செலவிடலாமா என்பது முதல் கேள்வியாக இருக்கும். நியாயமான கேள்வி. மின்கட்டணம், நாற்காலி, ஒலிபெருக்கி பழுதுபார்ப்பு ஆகியவற்றை எந்தக் கணக்கில் எழுதுகிறோமோ அந்தக் கணக்கில்தான் இதையும் எழுத வேண்டும். ஏழைகள் நிதியிலிருந்தோ மிஷனரி நிதியிலிருந்தோ இதற்கு எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இரண்டாவது தடை கொஞ்சம் ஆழமானது. சபை பணம் கொடுத்து வளர்த்த மென்பொருளைச் சபைக்கு விரோதமானவர்களும், தவறான நோக்கம் உடையவர்களும் பயன்படுத்துவார்களே? ஆம், பயன்படுத்துவார்கள். திறமூலத்துக்கான வரையறையே எந்த மனிதரையும் குழுவையும் விலக்கக் கூடாது, எந்தத் துறையில் பயன்படுத்துவதையும் தடுக்கக் கூடாது என்று சொல்கிறது. இன்ன மார்க்கத்தார் மட்டும் பயன்படுத்தலாம் என்று நிபந்தனை போட்டால் அது திறமூலம் ஆகாது. இதை ஏற்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய மனச்சாட்சியை மதிக்கிறேன். ஆனால் நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறவரைத் தொழுகிற சபைக்கு, யாரென்று பாராமல் கொடுப்பதில் கூச்சம் தேவையில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சபையில் நிரல் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லையே என்பது மூன்றாவது. அது தடையே அல்ல என்பதைக் கீழே விளக்குகிறேன்.

எப்படி உதவுவது?

பணம் எளிய வழி. எவ்வளவு என்று கேட்டால், ஒரு யோசனை சொல்கிறேன். நீங்கள் பயன்படுத்தும் திறமூல மென்பொருளுக்குப் பதிலாக விலைக்கு வாங்கியிருந்தால் ஆண்டுக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று பொருளாளரைக் கணக்கிடச் சொல்லுங்கள். மிச்சமான அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை எழுதியவர்களுக்கு அனுப்புங்கள். தசமபாகம் கொடுத்துப் பழகிய சபையாருக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

யாருக்கு அனுப்புவது என்பதில் கவனம் வேண்டும். லிப்ரேஆபீஸுக்குப் பின்னால் பெர்லினில் பதிவுபெற்ற டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் இருக்கிறது. ஓபிஎஸ் திட்டம் ஓப்பன் கலெக்டிவ் என்ற நன்கொடைத் தளத்தின் வழியாகவும் நன்கொடை பெறுகிறது, அங்கே வரவு செலவு எல்லோர் கண்ணிலும் படும். தனியே பதிவு செய்துகொள்ள வசதியில்லாத சிறிய திட்டங்களுக்காக சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி, சாஃப்ட்வேர் இன் த பப்ளிக் இன்டரெஸ்ட் போன்ற லாப நோக்கற்ற அமைப்புகள் பணத்தைப் பெற்றுக் கணக்கு வைக்கின்றன. வேறு நாட்டுக்குப் பணம் அனுப்புவதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம் உண்டு. தணிக்கையாளரிடம் கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

பணத்தைவிட விலை உயர்ந்த உதவி, பிழையை ஒழுங்காகத் தெரிவிப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திரையில் தமிழ்ப் பாடல் உடைந்து தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். “தமிழ் சரியாகத் தெரியவில்லை” என்று எழுதினால் தமிழ் படிக்கத் தெரியாத நிரலாளருக்கு எது சரி, எது தவறு என்றே தெரியாது. “கொ என்ற எழுத்தில் கொம்பும் காலும் பிரிந்து, நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தோன்றுகிறது. இப்படித் தெரிய வேண்டும், இப்படித் தெரிகிறது” என்று இரண்டு படங்களை இணைத்து எழுதுங்கள். மென்பொருளின் பதிப்பு எண், கணினியின் இயங்குதளம், எழுத்துருவின் பெயர், எந்தப் பொத்தானை அழுத்தியபோது நடந்தது என்பதையும் சேருங்கள். எழுத்துருவை மாற்றிப் பார்த்தீர்களா, அப்போதும் அதே நிலையா என்பதையும் சொல்லுங்கள். எழுத்துருவை மாற்றியதும் சரியாகிவிட்டால் பிழை மென்பொருளில் இல்லாமல் எழுத்துருவில் இருக்கலாம். அந்த ஒரு வரி நிரலாளரின் ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும். இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பொறுமையும் உற்றுப் பார்க்கும் கண்ணும் போதும்.

அதேபோல மென்பொருளின் பட்டியல்களையும் உதவிக் குறிப்புகளையும் தமிழில் பெயர்ப்பது, புதியவர்களுக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதுவது ஆகியவற்றைச் சபையின் ஆசிரியர்களும் ஓய்வுபெற்றவர்களும் செய்யலாம். அந்த மொழிபெயர்ப்பு ஒரு சபையோடு நிற்காது, உலகில் தமிழில் ஆராதிக்கும் எல்லாச் சபைகளுக்கும் போய்ச்சேரும்.

நன்றிக் கடிதமும் உதவிதான். குறை சொல்ல மட்டுமே பயனர்கள் எழுதுகிறார்கள் என்பது பராமரிப்பாளர்களின் பொதுவான மனக்குறை.

எப்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?

திறமூலத்தை நேசிப்பதால் எல்லாவற்றுக்கும் அதையே திணிக்கக் கூடாது. சபை அங்கத்தினர் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். சர்ச்சிஆர்எம் போன்ற திறமூல மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவி, குடும்பங்களின் முகவரி முதல் காணிக்கைக் கணக்கு வரை அதில் வைக்கலாம். தகவல் வேறு நிறுவனத்தின் கையில் இல்லாமல் சபையிடமே இருப்பது பெரிய நன்மை. ஆனால் அந்த சர்வரை யார் புதுப்பிப்பது, யார் காப்புப்பிரதி எடுப்பது? ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் எல்லாவற்றையும் நிறுவிவிட்டு வேலை கிடைத்து வேறு ஊர் போய்விடுவார். கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும். புதுப்பிக்கப்படாத சர்வரில் சபையாரின் நோய், குடும்பச் சிக்கல், ஜெப விண்ணப்பம் எல்லாம் திறந்து கிடக்கும். பொறுப்பேற்க இருவராவது இல்லையென்றால், கட்டணம் கொடுத்து நம்பகமான சேவையைப் பெறுவதே சபையாரிடம் நேர்மையாக நடந்துகொள்வது.

புதிதாகச் சபைக்கென்றே ஒரு மென்பொருளை உருவாக்க நிதி கேட்டு யாராவது வந்தாலும் நிதானிக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் திட்டத்தில் குறைவதைச் சேர்க்க முடியுமா என்று முதலில் பாருங்கள். தொடங்கியவர் விலகியதும் கைவிடப்பட்ட திட்டங்கள் ஏராளம். ஒரு திட்டத்தின் கடைசிப் பதிப்பு எப்போது வெளியானது, எத்தனை பேர் பங்களிக்கிறார்கள், உரிமம் என்ன என்பதை அதன் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். நிரல் தெரிந்தவர் யாரையேனும் அருகில் உட்காரவைத்துக்கொண்டால் சில நிமிட வேலை.

தொடங்க நினைக்கும் சபை முதல் ஆண்டில் ஒரே ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். எது நின்றுபோனால் அடுத்த ஞாயிறு ஆராதனை தடுமாறுமோ அதையே எடுங்கள். ஒளிபரப்புக் குழுவிடம் கேட்டால் உடனே பெயர் சொல்வார்கள். கமிட்டிக்குக் கொடுக்கும் விண்ணப்பம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மென்பொருளின் பெயர், சபை அதை எதற்குப் பயன்படுத்துகிறது, மாற்றாக வாங்கினால் என்ன செலவு, பணம் பெறும் அமைப்பின் பதிவு விவரம், ரசீது கிடைக்குமா, பணத்தோடு சபையில் யார் எந்த வேலையை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பவை அதில் இருக்கட்டும். ஒப்புதல் கிடைத்தால், ஆண்டறிக்கையில் மின்கட்டணத்துக்கு அருகிலேயே இதற்கும் ஒரு வரி ஒதுக்கி, மொழிபெயர்த்தவர்கள், பிழை தெரிவித்தவர்கள் பெயர்களையும் அங்கே எழுதுங்கள்.